குழியும் இதழும்

ஜனவரி 9, செவ்வாய்

இன்றும் பொருந்தவில்லை. மூன்று இதழ்கள். மூன்றும் குழிக்குள் பாதி இறங்கி, சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டன. எடுத்தேன், தேய்த்தேன், வைத்தேன். நான்காவது தடவை சிவப்பு அகீக் கல்லின் நுனி உடைந்தது. அந்த நிறத்துக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஷகூர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உன் இதழ்தான் தடிச்சிருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா தடிக்காதது இப்ப தடிச்சிருச்சா?"

"வயசானா எல்லாந்தான் தடிக்கும், அப்ரார்."

நான் கல்லைப் பூவிதழாகத் தேய்ப்பவன். அவன் அந்த இதழ் உட்காரப் பளிங்கில் குழி தோண்டுபவன். தாஜ்மஹாலை ஒட்டிய இந்தத் தாஜ்கஞ்சில் எங்கள் வேலை எல்லாமே இப்படி ஜோடி ஜோடியாகத்தான் நடக்கும். ஒட்டிய இடத்தில் நகத்தை ஓட்டினால் தட்டக் கூடாது. எங்கள் வேலையில் தட்டியதே இல்லை. இந்தக் குளிர்காலம் வரை.

இதற்கு நடுவே வழிகாட்டி ஒருவன் பன்னிரண்டு பேரோடு பட்டறைக்குள் நுழைந்தான். தாஜைக் கட்டிய பாதுஷா கைவினைஞர்களின் கையை வெட்டிய கதையை இங்கேயே நின்று சொல்கிறான், எங்கள் எதிரில். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என் கையைப் பார்த்தார்கள். "எண்ணிக்குங்க, பத்தும் இருக்கு" என்றேன். அதையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜனவரி 11, வியாழன்

ஆறு இதழ் குப்பைக்குப் போயிற்று. எழுத வேறொன்றும் இல்லை.

ஜனவரி 13, சனி

மூடுபனி. பத்து மணிக்கும் எதிர் வீட்டுச் சுவர் தெரியவில்லை. இந்தப் பனியில் கும்மட்டத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பாவம், டிக்கெட் எடுத்து வெள்ளைக் காற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

லக்னோவிலிருந்து டாக்டர் வர்மா போன் செய்தார். பெற்றோரின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு மேசைப் பலகை கேட்டிருப்பவர். மும்தாஜ் பேகத்தின் சமாதியில் உள்ள பூ அச்சு அசலாக அப்படியே வேண்டுமாம். எட்டுப் பூக்கள், பூவுக்கு நாற்பத்து மூன்று துண்டுகள், மார்ச் முதல் வாரத்துக்குள். "அவங்க காதல் இதுல தெரியணும்" என்றார். சரி என்றேன். குழிக்குள் இதழே இறங்கவில்லை, காதலை எங்கே இறக்குவது?

குளிரில் கட்டைவிரல் வெடித்துவிட்டது. மீதிக் கற்களை டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய் நஃபீசாவிடம் கொடுத்தேன். என் தங்கை. கணவன் இறந்து ஆறு வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள். அடுப்படிக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு சாணை உண்டு. எட்டு வயதிலேயே அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சின்னச் சின்ன இலைகளை அவள் தேய்ப்பாள், இரண்டு வருஷமாகக் கொஞ்சம் அதிகமாகவே. வெளியே யாருக்கும் சொல்வதில்லை. பட்டறை என் பேரில்தானே இருக்கிறது.

ஜனவரி 16, செவ்வாய்

நஃபீசா தேய்த்த பதினோரு இதழ்களும் இறங்கிவிட்டன. ஒன்றைக்கூடத் திரும்பத் தேய்க்கவில்லை. விரலால் லேசாகத் தட்டினேன், போய் உட்கார்ந்துகொண்டன.

பக்கத்திலேயே நான் தேய்த்தவை நான்கு. நான்கும் மல்லுக்கு நிற்கின்றன.

அளவு ஒன்று, கல் ஒன்று, படம் ஒன்று. கமர் கண் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். என் பெண்டாட்டிக்கு உலகத்தில் எது நடந்தாலும் காரணம் என் கண்தான். கண் மங்கினால் என் இதழ்தானே கோணலாக வேண்டும்? என் இதழில் கோணல் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

ஜனவரி 18, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

ஷகூர் தொழுகைக்குப் போன நேரத்தில் காலிக் குழி ஒன்றுக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுச் சுற்றினேன். நான் சாணையில் கயிறு சுற்றிய வில்லை வலக்கையால் இழுத்துச் சுற்றுபவன். அதனால் என் இதழின் அடி விளிம்பு எப்போதும் இடப்பக்கம் மயிரிழை சரியும். எல்லோருடைய கையும் எங்காவது சரியத்தான் செய்யும். ஷகூருக்கு அது தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அவன் குழியின் சுவரும் அதே பக்கம் சரிந்துதான் இருந்தது. ஒருநாளும் நாங்கள் அதைப் பேசியதில்லை.

இன்று சுவர் மறுபக்கம் சரிந்திருந்தது. எட்டுப் பூக்களிலும். ஒன்றுவிடாமல்.

நஃபீசா இடக்கைக்காரி.

டேய் ஷகூர்! என் பக்கத்துலயே உக்காந்து, என் டீயக் குடிச்சுக்கிட்டு, என் தங்கச்சி கைக்குக் குழி தோண்டுறியா நீ? கை தன்னாலயே போச்சா, இல்ல நீயா அனுப்பினியா?

ஜனவரி 19, வெள்ளி

வெள்ளிக்கிழமை. தாஜ் மூடியிருக்கும், பட்டறையும்தான். ஜும்மாவுக்குப் போனேன். ஷகூர் இரண்டு வரிசை முன்னால் நின்றான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே தொழுதேன். கபூலாகியிருக்காது, அல்லா ஏற்றிருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்து கமரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"உனக்குத் தெரியுமா?"

"பால்காரனுக்கே தெரியும்."

"எங்க பாத்துக்கிட்டாங்க? என்ன பேசினாங்க?"

"எங்கயும் பாக்கல. ஒரு வார்த்தையும் பேசல. மொதல்ல அவரு குழியில மெழுக அழுத்தி, அந்த அச்ச டப்பாவுல வெச்சு அனுப்புவாரு. இவ அத வெச்சுத் தேய்ப்பா. ஆறு மாசமா மெழுகே வர்றதில்ல."

"ஏன்?"

"ரெண்டு பேருக்கும் தேவப்படல. அவ கை அவருக்குத் தெரியும், அவர் கை அவளுக்குத் தெரியும். இதுக்கு மேல என்னத்தப் பேசுறது?"

அந்த டப்பாவைத் தினமும் பையில் வைத்துக் கொண்டுபோனவன் யார்? நான்! குரங்கு பறித்துவிடக் கூடாதே என்று மார்போடு அணைத்துக்கொண்டு போனவன் யார்? நான்தான்! மும்தாஜுக்கும் ஷாஜஹானுக்கும்கூட இவ்வளவு அக்கறையாக யாரும் தூது போயிருக்க மாட்டார்கள்.

ஜனவரி 23, செவ்வாய்

ஷகூரிடம் நானே கேட்டுவிட்டேன். உளியை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தான்.

"நிக்காஹ் பண்ணிக்கிறேன், அப்ரார். நீ சரின்னா."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ உன் இதழையே பாத்துக்கிட்டிருந்த, குழியப் பாக்கல."

என்ன திமிர்! அவனும் மனைவியை இழந்தவன். மகளைப் பிரோசாபாத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. குடிப்பதில்லை, யாரோடும் சண்டை இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. "இந்த ஊர்ல பொழுதுக்கும் காதல் வியாபாரம் பண்ணுறது போதாதா, நமக்கு வேற வேணுமா?" என்று கத்தினேன். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வரக் கால் வைத்தவர் அப்படியே திரும்பிவிட்டார்.

ஷகூர் உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 29, திங்கள்

வேறொருவனைக் கூட்டிவந்தேன். நல்லவன்தான். ஆனால் பேசிக்கொண்டே தோண்டுகிறான். ஏழாவது பூவின் ஓரத்தில் பளிங்கில் விரிசல் விட்டான். அனுப்பிவிட்டேன்.

வீட்டில் சாணைச் சத்தம் கேட்பதில்லை. நஃபீசா சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். டப்பா அலமாரியில் இருக்கிறது. நானும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஜனவரி 31, புதன்

உண்மையை இங்கேயாவது எழுதலாம். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

எனக்கு மானப் பிரச்சினை இல்லை. விதவைத் தங்கை மறுமணம் செய்துகொள்வதில் என்ன குறை? ஊர் வாழ்த்தத்தான் செய்யும். கண் டாக்டரிடம் போன மாதமே போய்விட்டேன், கமருக்குத் தெரியாமல். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை செய்தாலும் மயிரிழை வேலைக்குப் பழைய பார்வை வருமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷமாக என் பேரில் போகும் நுணுக்கமான இதழெல்லாம் நஃபீசா தேய்த்தவைதான். லென்ஸில் பார்த்தேன் என்று எழுதினேனே, லென்ஸிலும் மங்கலாகத்தான் தெரிந்தது.

அவள் அந்த வீட்டுக்குப் போனால் இதழும் குழியும் ஒரே கூரைக்குக் கீழே போய்விடும். அப்புறம் நான் யார்? பயமாக இருக்கிறது. அதுதான் விஷயம்.

பிப்ரவரி 7, புதன்

பாதுஷாவின் உர்ஸ், அவர் இறந்த நாளின் நினைவு விழா. மூன்று நாளும் டிக்கெட் கிடையாது. நிஜமான கல்லறைகள் இருக்கும் அடித்தளத்தையும் திறந்துவிடுவார்கள். நஃபீசா வர வேண்டும் என்றாள். இரண்டு வாரத்தில் அவளாக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். கமரும் வந்தாள். கூட்டம் தாங்க முடியவில்லை. கல்லறைக்குப் போர்த்தும் நீளமான வண்ணச் சாதரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஊரே வந்தது. என் செருப்பை எவனோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கீழே இறங்கினோம். அகர்பத்திப் புகை, வியர்வை, ஈரக் கல். அந்தக் கட்டடத்தில் இந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்றால் அந்தப் பக்கமும் ஒரு மயிரிழை. மினார், வாசல், தண்ணீர் எல்லாமே அப்படித்தான். சரிநடுவில் பேகத்தின் கல்லறை. அவளுக்காகத்தான் எல்லாம் அளந்திருக்கிறார்கள். பாதுஷாவுடையது பிறகு வந்தது, அவள் பக்கத்தில், நடுவை விட்டு ஒதுங்கி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கும்.

"மொத்தக் கட்டடத்துலயும் அளவு தப்பினது இது ஒண்ணுதான்" என்றேன். "இவருக்குன்னு யாரும் எடம் ஒதுக்கல. அப்புறமா கொண்டாந்து செருகியிருக்காங்க. எங்க பட்டறையில எவனாவது இப்படிச் செஞ்சா உளியப் புடுங்கிருவேன்."

நஃபீசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். அவள் விரல் அங்கிருந்த பூவின் விளிம்பைத் தேடிப் போனது, தொழில் பழக்கத்தில்.

"அளவு போனாப் போகட்டும்ணே. பக்கத்துல இருக்காருல்ல."

பின்னால் கூட்டம் நெருக்கித் தள்ளியது. திரும்பினால் நான்கு ஆள் தள்ளி ஷகூர், சாதரின் ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நஃபீசாவும் குனிந்துகொண்டாள். இருபது வயதில் செய்ய வேண்டியதை நாற்பதில் செய்கிறார்கள். எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் கேட்டேன். "ஷகூர் கேக்குறான். நீ என்ன சொல்ற?"

மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை.

"நான் போனா உன் வேலை என்னாகும்?"

"என் வேலைக்கென்ன?"

"அண்ணே, நீ டீயில சக்கரைன்னு உப்பப் போட்டுக்கிட்டுக் குடிச்சு மூணு மாசமாச்சு. உன் கண்ணு மங்குறது தெரிஞ்சும் நானா ஒண்ணும் கேக்கல. அதனாலதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அவரு வேணாம்னு இல்ல."

மூன்று மாதமாக. என் கண்ணுக்காக இவள் தன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் என்னவோ இவளை நானே தாங்குவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

ஷகூர் வீட்டுக்கு நடந்தே போனேன், இரண்டு சந்து. கதவைத் திறந்தவன் என் காலைப் பார்த்தான். நேற்று மாறிப்போன செருப்பு, இரண்டும் ஒரே கால்.

"உள்ள வா. சண்ட போடவா, டீ குடிக்கவா?"

"ரெண்டுக்கும்" என்றேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை தர வேண்டிய மஹராக என்ன வேண்டும் என்று கேட்டபோது நஃபீசா ஒரு புதுச் சாணை கேட்டாள், தன் பேரில். காஜி எழுதுவதை நிறுத்திவிட்டு "சாணையா?" என்று மூன்று தடவை கேட்டார். "கத்தி தீட்டவா?" என்றார் ஷகூரைப் பரிதாபமாகப் பார்த்து. கூட்டம் சிரித்தது. எழுதிக்கொண்டார். பிரியாணியில் உப்பு குறைவு என்றார்கள், எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 6, புதன்

டாக்டர் வர்மா மனைவியோடு வந்து மேசைப் பலகையை வாங்கிக்கொண்டார். ஏழாவது பூவின் விரிசலில் ஷகூர் கூடுதலாக ஒரு கொடியை ஓட்டியிருக்கிறான். படத்தில் இல்லாதது. அவர் அதைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். கைப்பேசி விளக்கை இதழுக்கு மேலே பிடித்தபோது சிவப்புக் கல் உள்ளிருந்து ஒளிர்ந்தது. அந்த அம்மா நகத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார். எங்கும் தட்டவில்லை.

"யார் கை இது?" என்றார் டாக்டர். முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"இதழ் என் தங்கச்சி. குழி அவ வீட்டுக்காரரு."

"அப்ப நீங்க?"

"நான் பசை தடவினேன்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பலகையின் அடியில் செய்தவர்கள் பெயரைப் பொறித்துத் தரச் சொன்னார். ஷகூர் உளியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நஃபீசா என்றும் ஷகூர் என்றும் நான் சொல்லச் சொல்லப் பொறித்தான். அத்தோடு போதும் என்றேன். அவன் மூன்றாவது பெயருக்கும் கொஞ்சம் இடம் விட்டுவைத்திருந்தான். அதைப் பார்க்காத மாதிரி பலகையைத் துணியில் சுற்றிக் கட்டினேன்.

கண் அறுவை நோன்புப் பெருநாள் கழித்து.