குப்புறக் கிடந்த துடுப்பு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் இரண்டு வாண்டுகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் "ம்" என்பதைத் தவிர நான் ஒன்றும் சொல்வதில்லை, உயிரோடு இருக்கிறேனா என்பதே தெரியவில்லை, எழுதியாவது தொலை என்று போன வாரம் திட்டினாய். இதோ எழுதுகிறேன். எழுதும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்வதில்லை.

அருங்காட்சியகத்தில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. என் இடம் தரைக்குக் கீழே உள்ள சேமிப்பறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க மர இழுப்பறைகள், அவற்றுக்குள் கல்லாகிப்போன எலும்புகள். பழைய சீட்டுகளைப் படித்துப் புதுப் பட்டியல் எழுதுவது என் வேலை. பக்கத்து மேசையில் செதுக்கும் அண்ணன். பாறையிலிருந்து எலும்பை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பவர். "இந்தக் கல்லாவது தட்டுனா சத்தம் போடும், நீ அதுவும் இல்ல" என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

மேலே பெரிய கூடத்தில், சுவரோடு சேர்த்துப் பதித்து, எங்கள் மீன்பல்லி இருக்கிறது. பல்லி என்றதும் முகம் சுளிக்காதே. டைனோசர்கள் தரையில் நடந்த காலத்தில் கடலில் நீந்திய ஊர்வன. பார்க்க மீன் போல இருக்கும், ஆனால் நுரையீரலால் மூச்சு விடும். கால்களுக்குப் பதில் துடுப்புகள். இந்தப் பக்கத்துப் பாறைகளில் முன்பே இரண்டு கிடைத்திருந்தன. ஒன்றில் தலையும் ஒரு முன்துடுப்பும். இன்னொன்றில் வாலும் ஒரு முன்துடுப்பும். இரண்டு துடுப்புகளிலும் முன்விளிம்பில், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் பக்கத்தில், யாரோ கடித்து வைத்தது போல வரிசையாகச் சிறு வெட்டுகள். அந்த அடையாளத்தை வைத்து இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள். பேரினம் என்றால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் சுண்ணாம்புக்கல் குவாரியில் மூன்றாவது, இப்போது கூடத்தில் இருப்பது, கிடைத்தது. தலை இல்லை, வாலும் இல்லை, நடு உடம்பு மட்டும் ஒரு கட்டில் நீளத்துக்கு. இடது முன்துடுப்பு அப்படியே இருந்தது. ஆனால் வெட்டுகள் பின்விளிம்பில். உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு பிராணி இல்லை என்று அதற்குத் தனிப் பேரினமே உண்டாக்கிவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். பெரிய எலும்புக்கூட்டைப் பாறையோடு துண்டு துண்டாக அறுத்து எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும், கால் ஒடிந்தவருக்குக் கட்டுவது போல, சாக்கை பிளாஸ்டரில் நனைத்துக் கட்டுவார்கள். மேல்பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போட்டு அடிப்பக்கமும் கட்டுவார்கள். கடைசியில் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை மூட்டைகள். எது மேல்பக்கம் என்று அம்புக்குறி போட வேண்டும். துடுப்பு இருந்த மூட்டைக்கு மட்டும் அதைப் போட மறந்திருந்தால்? அடிப்பக்கத்தைத் திறந்து செதுக்கி, அப்படியே உடம்போடு பதித்திருந்தால்? துடுப்பு குப்புறக் கிடக்கும். முன்விளிம்பு பின்னால் போய்விடும்.

துணி வெட்டும்போது இப்படி உள்பக்கம் வெளிப்பக்கம் மாறிப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று எழுது.

உன் அன்புத் தங்கை

ஜனவரி 18

என் ஊமைக் கோட்டானுக்கு,

கடிதம் வந்தது. நாலு பக்கம்! அத்தான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உன் தங்கச்சி எழுதினதுதானா, இல்ல ஆள் வெச்சு எழுதினாளா?" என்றார். பெரியவன் பல்லிப் படம் கேட்கிறான். சின்னவள் அது கடிக்குமா என்று கேட்கிறாள்.

உன் கதையில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சட்டை திருப்பிப் போட்டதற்காக அடையாளம் தெரியாமல் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்கள். சரியா?

துணி விஷயம் கேட்டாய். பத்தாம் வகுப்போடு கத்தரியைப் பிடித்தவள் நான், பதினாறு வருடமாக ரெடிமேட் கம்பெனி வெட்டு மேசையில் நிற்கிறேன், இதுகூடத் தெரியாதா. போன வருடம் ஒருத்தன் துணியைப் புரட்டாமல் விரித்து வெட்டி, ஐம்பது சட்டைக்கும் இரண்டு கையும் இடது கையாகவே வந்தது. பூ போட்ட துணி என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும். வெறும் வெள்ளை என்றால் நெசவின் இழையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அது ஒரு பக்கம் மேடாக இருக்கும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் ஒரே வழிதான். தையலைப் பிரித்துப் பார். பிரிக்காமல் மேலே பார்த்துக்கொண்டே மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு. குளிர் அறை என்கிறாய், காதை மூடிக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

உன் "நெசவின் இழை" எனக்கும் கிடைத்துவிட்டது. கூடத்துக்கு ஆட்கள் வருவதற்கு முன் டார்ச் எடுத்துக்கொண்டு போய், எலும்பைப் பார்க்காமல் எலும்பைச் சுற்றியுள்ள பாறையைப் பார்த்தேன். அதில் நகக்கண் அளவுச் சிப்பிகள் பதிந்திருக்கின்றன. கடலடியில் நீரோட்டம் சிப்பியைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் கவிழ்த்துத்தான் விடும். கவிழ்ந்தால்தான் அது அசையாமல் நிற்கும். உடம்புத் துண்டுகளில் எல்லாச் சிப்பியும் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல மேடாக இருக்கிறது. துடுப்புத் துண்டில் மட்டும் அத்தனையும் நிமிர்த்தி வைத்த கிண்ணம் போலக் குழியாக இருக்கிறது. முப்பத்தேழு எண்ணினேன். ஒன்றுகூட மாறவில்லை.

இன்னும் உறுதியாகச் சொல்ல ஒரு வழி உண்டு. இந்தப் பிராணியின் துடுப்போடு ஒட்டிய தோள் எலும்பில் மேல்பக்கம் ஒரு தடித்த வரப்பு இருக்க வேண்டும். வெளியே தெரியும் பக்கத்தில் அது இல்லை. நான் நினைப்பது சரியென்றால் அது சுவர்ப் பக்கம் ஒளிந்திருக்கிறது. நீ சொன்னபடி பிரித்தால்தான் தெரியும்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். குவாரியில் அதைத் தோண்டி எடுத்ததும், தனிப் பேரினம் என்று பெயர் வைத்ததும் எங்கள் இயக்குநர்தான். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்தத் துடுப்புதான். ஜூனில் என் தற்காலிக வேலையை நிரந்தரம் ஆக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யப்போவதும் அவர்தான்.

நான்கு மாதம் பொறுக்கலாம் என்றால், மார்ச் கடைசியில் அவருடைய பெரிய நூல் அச்சுக்குப் போகிறது. அதில் இந்தப் பேரினத்துக்கு நாற்பது பக்கம். அச்சேறிவிட்டால் உலகம் முழுக்க அதைத்தான் படிப்பார்கள். மார்ச் 1ஆம் தேதி எல்லாரும் கூடும் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

உன் தங்கை

பிப்ரவரி 11

தங்கைக்கு,

பிரித்துப் பார் என்று நான் சொன்னது யார் தைத்தது என்று தெரியாமல். தெரிந்திருந்தால் அந்த வரியையே எழுதியிருக்க மாட்டேன்.

தரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள், மேலே இருக்கும் இயக்குநரின் முகத்துக்கு நேராக, அதுவும் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "நீங்கள் செய்தது தப்பு" என்று சொல்லப்போகிறாளாம். வாயைத் திறக்கவே திறக்காதவள் திறக்க வந்த நேரம் இதுதானா?

உனக்குக் குடிநீர் வாரியத்தில் குமாஸ்தா வேலை வந்தபோது அப்பா எப்படி இருந்தார் என்று மறந்துவிட்டாயா. அதை வேண்டாம் என்று நீ சொல்லவில்லை, நான் சொன்னேன். "அவ எலும்புதான் படிச்சா, எலும்புகிட்டயே போகட்டும்பா" என்று மூன்று நாள் மல்லுக்கட்டியது நான். இன்றைக்கும் யார் வந்தாலும் அவர், "பெரியவ பேச்சக் கேட்டு அரசாங்க வேலையத் தள்ளிட்டா" என்றுதான் ஆரம்பிக்கிறார். ஜூனில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போவேன்?

இருபத்தாறு வருடம் குப்புறக் கிடந்தது இன்னும் நாலு மாதம் கிடக்கட்டும். அது ஒன்றும் மூச்சு முட்டிச் சாகப்போவதில்லை. நிரந்தர வேலைக்கான ஆணை கைக்கு வந்த பிறகு என்ன வேண்டுமானாலும் பேசு.

கூட்டத்தன்று காய்ச்சல் என்று சொல்லி அறையிலேயே இரு. இது நான் உனக்கு இடும் கட்டளை.

அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. இருந்தாலும் எழுந்து நின்றுவிட்டேன். முதலில் என்னை மன்னித்துவிடு.

கூட்டத்தில் இயக்குநர் தன் நூலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். முடித்துவிட்டு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். நான் எழுந்தேன். நாக்கு வரவில்லை. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். செதுக்கும் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இயக்குநர் சிரித்தபடி, "சொல்லும்மா, இங்க யாரும் கடிக்க மாட்டோம், கடிக்கிறதெல்லாம் செத்துக் கல்லாயிடுச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொல்லிவிட்டேன்.

"ஐயா, துடுப்பு குப்புற இருக்கு."

"எந்தத் துடுப்பு?"

"உங்க துடுப்புங்கய்யா."

யாரோ ஒருவர் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு சிப்பி, கிண்ணம், வரப்பு எல்லாவற்றையும் எந்த வரிசையில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் டார்ச் கேட்டார். விறுவிறுவென்று கூடத்துக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனோம். கோட்டு போட்டிருந்தவர் தரையில் முட்டி போட்டு, உடம்பில் ஒரு சிப்பி, துடுப்பில் ஒரு சிப்பி என்று மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்தபோது இரண்டு முட்டியிலும் தூசி. அதைத் தட்டக்கூட இல்லை. என்னைப் பார்க்கவில்லை. செதுக்கும் அண்ணனைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்.

"பிரிங்க."

பிளாஸ்டரிலிருந்து துண்டை உடையாமல் எடுக்கப் பத்து நாளாவது ஆகுமாம். அதுவரை அவர் என்னிடம் பேசுவார் என்று தோன்றவில்லை. நீயாவது பேசு.

உன் தங்கை

மார்ச் 16

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் அத்தான் எடுத்து, நீ வேலையாக இருப்பதாகச் சொல்கிறார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, ஒவ்வொரு முறையும் இருமுகிறார். கோபமாகவே இரு. ஆனால் இதைப் படித்துவிட்டுக் கோபப்படு.

நேற்று காலை துண்டு வெளியே வந்தது. மெத்தை விரித்த மேசையில் அதைப் புரட்டிப் போட நான்கு பேர் வேண்டியிருந்தது. இயக்குநரும் ஒரு மூலையைப் பிடித்தார். பின்பக்கத்தில் கைவிரல் தடிமனுக்குப் பழைய பிளாஸ்டர். அண்ணன் தோள் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊசியை வைத்தார். அரை மணி நேரத்தில் வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு அது கோடில்லை, வரப்பு. என் சுண்டுவிரல் உயரத்துக்கு அவ்வளவு அழகாக எழும்பி நின்றது. இருக்கிறது அக்கா, இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருந்தது. பிளாஸ்டருக்குள் ஒட்டியிருந்த பழைய சாக்குத்துண்டில் பென்சிலால் ஓர் அம்புக்குறி. அம்புக்குறி போட மறக்கவில்லை. போட்டுவிட்டு, அதன் மேல் இன்னொரு சாக்கைச் சுற்றி மறைத்துவிட்டார்கள். "அது என் கைதான்" என்றார் இயக்குநர்.

பிறகு துண்டை உடம்போடு சரியாக வைத்துப் பார்த்தோம். வெட்டுகள் முன்விளிம்புக்கு வந்தன. நான் கீழே ஓடிப்போய் முதல் இரண்டு எலும்புகளின் இழுப்பறைகளைக் கொண்டுவந்தேன். ஒன்றில் தலை, ஒன்றில் வால், நடுவில் இந்த உடம்பு. மூன்று வேறு வேறு இடங்களில் கிடைத்த மூன்று பிராணிகள்தான், ஆனாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூக்கிலிருந்து வால் நுனி வரை அந்தப் பேரினம் எப்படி இருந்தது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. நேற்று பதினொன்றரை மணிக்கு நாங்கள் ஆறு பேர் பார்த்தோம். அண்ணன் என்னை அப்படியே தூக்கிவிட்டார்.

பிறகு இயக்குநர் என்னிடம் வந்து, "ஒரு பேரினத்த இழந்துட்டேன், ஆனா ஒரு முழுப் பிராணி கெடச்சிருக்கு. இந்த வியாபாரம் எனக்குக் கட்டுபடியாகும்" என்றார். அச்சகத்துக்குப் போன் செய்து நூலை நிறுத்தச் சொன்னார். நாற்பது பக்கத்தையும் புதிதாக எழுத வேண்டும், அதை நான் எழுத வேண்டுமாம், பெயரும் என் பெயர்தான் முதலில் வருமாம். ஜூன் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆணையிலும் கையெழுத்து போட்டுவிட்டார். நகல் இதனுடன். அப்பாவிடம் நீயே காட்டு. அது உன்னுடைய வெற்றி.

பதில் போடு அக்கா.

உன் தங்கை

ஏப்ரல் 20

என் தங்கத்துக்கு,

இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. முதலில் கோபம்தான். ஆணையைப் பார்த்த பிறகு வெட்கம். காய்ச்சல் என்று பொய் சொல்லச் சொன்னவள் எப்படி உடனே சபாஷ் என்று எழுதுவது?

ஆணையை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். அன்று சாயங்காலம் வந்தவரிடம், "பெரியவ பேச்சக் கேட்டு" என்று ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்தேன். "நல்லவேளை அந்த வேலையத் தள்ளினா" என்று முடித்தார் மனுஷன்.

இப்போது நான் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் அங்கே வந்திருந்தோம். உனக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம், சின்னவள் இரண்டு முறை வாந்தி. பெரிய கூடத்துக்குள் நுழைந்தபோது ஒரே கூட்டம். நடுவில் யாரோ கணீரென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி போலிருக்கிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தால், நீ.

அத்தான் என் காதில், "உன் தங்கச்சியா அது? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்கிட்ட பேசினதை எல்லாம் கூட்டினாலும் இவ்ளோ வராதே" என்றார். சின்னவள் "சித்தி" என்று கத்தப் போனாள். அவள் வாயைப் பொத்தித் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நீ கையை வீசி வீசி, துடுப்பு எப்படித் தண்ணீரைக் கிழிக்கும் என்று காட்டினாய். ஒரு பெரியவர் குறுக்குக் கேள்வி கேட்டார். நீ அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னாய். உன் இயக்குநர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் வந்து நின்றிருந்தால் நீ அந்த நிமிடமே வாயை மூடிக்கொண்டு, உனக்குப் பதில் என்னைப் பேசவிட்டிருப்பாய். சின்ன வயதிலிருந்து கடைக்காரரிடமும் டீச்சரிடமும் அப்பாவிடமும் உனக்காக நான்தானே பேசினேன். பாசத்தில்தான் பேசினேன். ஆனால் உனக்கு இடமே விடவில்லை என்பது அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றபோதுதான் உறைத்தது. அதனால் கடைசி வரை கேட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, உன்னைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டேன். பிள்ளைகள் வழி முழுக்க என்னைத் திட்டினார்கள்.

அன்று என் மனதில் ஒரு கேள்வி வந்தது, கேட்க முடியவில்லை. அந்தப் பிராணி எங்கே தூங்கும்? மேலே மிதந்துகொண்டா, அடியில் படுத்துக்கொண்டா? மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் என்றால் நிம்மதியாகத் தூங்கியிருக்குமா, பாவம்?

இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதே. அடுத்த மாதம் முதல் ஞாயிறு சொல்லிக்கொண்டே வருகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. முதல் வரிசையில் நின்று கையைத் தூக்கிக் கேட்பேன். தெரிந்தால் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். எதுவானாலும், பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்.

உன் அக்கா