அக்கா கண்ணில் பட்டது

ஐப்பசி, ஞாயிறு இரவு

எங்கள் வீட்டில் அக்காவைத் தவிர யாருக்கும் கண் தெரியாது.

இன்று நாமகிரிப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி இருக்கிறது. அப்பா அதையே பேசினார். அம்மா அவன் தாயின் சங்கிலியைப் பார்த்தாள். நான், அவன் என்னைப் பார்க்கிறானா என்று மட்டும் பார்த்தேன்.

அவர்கள் போனதும் அக்கா சொன்னாள்: "ஈ ஓட்டறதுக்கு அவரு கையத் தூக்கினாரு. பக்கத்துல இருந்த அவங்கம்மா சட்டுனு தலைய ஒதுக்குனாங்க. பாக்கலீங்களாப்பா?"

"அடி வாங்கிட்டு வந்தவளுக்கு எல்லாக் கையும் அடிக்கற கையாத்தான் தெரியும்," என்றார் அப்பா.

"நல்ல நாளும் அதுவுமா வாய மூடு சாமி," என்றாள் அம்மா.

அக்கா புருஷனை விட்டு வந்து ஒரு வருடமாகிறது. இன்னமும் யாராவது அலமாரிக்குக் கை நீட்டினால் அவள் தலை தானாகக் குனிகிறது. அதனால் இல்லாததைப் பார்த்தாளா, அதனால்தான் இருப்பதைப் பார்த்தாளா? அந்தத் தாயின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். அவன் சட்டைதான் நினைவுக்கு வருகிறது.

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன்: "பூ வைக்கறதுக்கு முன்னால அந்தம்மாகிட்ட நான் தனியாப் பேசணுமுங்க."

அவர் அம்மாவிடம் ரசம் ஊற்றச் சொன்னார்.