பவர் டேபிளில் ஒரு பங்கு

அக்கா,

இன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது உங்கள் பந்து உருண்டு வந்து என் காலில் முட்டியது. மஞ்சள் பனியன் துணிக்குள் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து நீங்கள் தைத்த பந்து. எடுத்து முகர்ந்தேன். மெசின் எண்ணெயும் குழந்தைகளின் எச்சிலும் கலந்த அதே வாசனை. பாதிச் சோற்றோடு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு வேலைக்கே திரும்பிவிட்டேன். அங்கேயும் மனசு நிற்கவில்லை. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

மகனுக்கு ஒரு வயது ஆனதும் நான் மறுபடி பனியன் கம்பெனியில், தையல் மெசின்கள் வரிசையாக ஓடும் பவர் டேபிளில் வந்து உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாயப்பட்டறையில் என் வீட்டுக்காரர் வாங்குவது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். பையனை எங்கே விடுவது? அத்தனை சின்னப் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தாலும் சாயங்காலமே மூடிவிடுவார்கள். நம் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை ஆகும். பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன கட்டணத்துக்கு நான் வேலைக்குப் போவதே தண்டம். மடத்துக்குளத்தில் அம்மாவிடம் விடலாமென்றால், அவளே நூறு நாள் வேலைக்குப் போய்த்தான் கஞ்சி குடிக்கிறாள். மிச்சம் இருந்தது என் மகள்தான். ஆறாம் வகுப்பு. அவளை நிறுத்திவிடுவது என்று நானும் அவரும் முடிவு செய்துவிட்டோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான் நடந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டீ நேரத்தில் நான் அதைச் சொன்னதும் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தீர்கள்.

“உனக்கென்ன கிறுக்கா அம்மிணி? இப்படித்தான் என்னைய நிறுத்துனாங்க. இன்னும் மெசினை உட்டு எந்திரிக்க முடியல. அவளையும் இங்கயே கொண்டாந்து உக்கார வெக்கப் போறியா?”

அந்தச் சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது எழுந்து நின்றீர்கள். பீஸ் கணக்கில் வரும் பணத்தை டேபிளில் தைக்கிற எல்லோரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதுதானே நம் வழக்கம்? இனி நீங்கள் வீட்டிலிருந்து எல்லோருடைய குழந்தைகளையும் பார்த்துக்கொள்வதாகவும், உங்கள் பங்கு குறையாமல் வர வேண்டுமென்றும் கேட்டீர்கள். காண்ட்ராக்டர் சிரித்துவிட்டார்.

“டேபிள்ல உக்கார்றவங்களுக்குத்தானுங்க பங்கு. ஊட்ல இருக்கற ஆளுக்கு என்னத்துக்குங்க?”

“நான் கொழந்தைகளப் பாத்துக்கிட்டா இவங்க யாரும் பாதியில எந்திரிச்சு ஓட மாட்டாங்க, லீவு போட மாட்டாங்க. அப்ப பீஸு கூட வருமா, கொறையுமா? நீங்களே சொல்லுங்க.”

“உங்க பணம், உங்க பாடுங்க” என்று அவர் கூலியை எண்ணத் தொடங்கினார். எங்களுக்குள்தான் முணுமுணுப்பு. டேபிளிலேயே வேகமான கை உங்களுடையது, அதை எழுப்பி அனுப்பிவிட்டு எப்படி ஈடுகட்டுவது என்ற பயம். ஆனால் அந்த மாதமே நீங்கள் சொன்னபடி நடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தியும் லீவு கேட்கவில்லை.

உங்கள் ஒற்றை அறையில் வரிசையாகப் பனியன் துணித் தொட்டில்கள். என் மகள் பள்ளி விட்டதும் அங்கே வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். தம்பி அழுதால் எழப் பார்ப்பாள். “இது என்ற வேலை கண்ணு, நீ உன்ற புஸ்தகத்தப் பாரு” என்று அதட்டி உட்கார வைப்பீர்கள். அவளுடைய மதிப்பெண்களை என்னைவிட முந்தித் தெரிந்துகொண்டவர் நீங்கள்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

இருமலைப் பழைய பஞ்சுத் தூசி என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனீர்கள். அந்த வாரம் முடிவதற்குள் உங்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, நாளைக்குப் பிள்ளையை எங்கே விடுவது என்றுதான் முதலில் யோசித்தேன். உங்களுக்கு அது புரியும். எனக்குத்தான் ஆறவில்லை.

உங்கள் பங்குக்கு ஆள் தேடினோம். மெசின் ஓட்டத் தெரிந்தவள் ஏன் ஊரார் பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும் என்று கேட்டார்கள். வாரத்துக்கு ஒருத்தி லீவு போட்டுச் சமாளித்தோம். டேபிள் தள்ளாடியது. “வடக்கத்திப் பசங்க லீவே கேக்கறதில்லீங்க” என்று காண்ட்ராக்டர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். யாருக்குச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் நானும் அவரும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “நான் பாத்துக்கறேம்மா” என்றாள் மகள். எட்டாம் வகுப்புப் புத்தகங்களைத் துணிப்பையில் கட்டி அலமாரி மேலே வைத்தாள். டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன். படிப்பை நிறுத்த வேண்டாம் என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை அக்கா. சொல்லியிருந்தால் மறுநாள் வேலைக்கு எப்படிப் போவது?

உங்கள் தொட்டில்களெல்லாம் இப்போது என் வீட்டில். மதியம் அந்தப் பந்தை உருட்டிவிட்டதும் அவள்தான், குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட. நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். உங்களைப் போலவே அதட்டுகிறாள்.

டேபிள் பெண்கள் நியாயமானவர்கள். சின்னப் பெண் என்று குறைக்கவில்லை. அவள் படிக்க வேண்டும் என்று நீங்கள் நின்று வாங்கிய அந்தப் பங்கை, சனிக்கிழமைதோறும் நான்தான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். என் பங்கைவிட அது கனக்கிறது. போன வாரம் அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

“பெரியம்மாளுக்குக் குடுத்த அதே பங்குதானம்மா எனக்கும்?”

“ஆமா கண்ணு” என்றேன்.