உன் குரலைப் பற்றி நான் எழுதிய வரி

உன் இசைத்தட்டு நேற்று கையில் கிடைத்தது. கூரை ஒழுகுகிறது என்று அலுமாரியை நகர்த்தியபோது, பழைய பாடப் புத்தகங்களுக்கு நடுவே இருந்தது. அட்டை முழுக்கப் பூஞ்சணம். வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய கல்லறைகளுக்கு முன்னால் கறுப்பு உடுப்போடு நீ நிற்கிற படத்தில் முகம் பாதி போய்விட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிட்டது.

“யாரும்மா இது, பேய் மாதிரி நிக்கிறாங்க?” என்று மகள் கேட்டாள்.

“என் கூட்டாளி,” என்றேன்.

அந்தப் படம் எடுத்த அன்று நானும் கூட இருந்தேன். பனிமூட்டம் இறங்கி, படம் பிடிப்பவரையே மறைத்துவிட்டது. “வெளிநாட்டுல இதுக்குன்னு பொகை மெசின் வைப்பாங்களாம்டி. நமக்குச் சும்மாவே மூடுது,” என்று நீ சிரித்தாய். கறுப்பு உடுப்பு என் அப்பாவின் கடையில் தைத்தது. இழவுக்கா என்று அப்பா கேட்டார். பாட்டுக்கு என்று நீ சொன்னாய்.

நாம் ஹட்டனில் உயர்தர வகுப்பு படித்த காலம். வட்டவளையிலிருந்து நீ ரயிலில் வருவாய். கொழும்பில் கடையில் வேலை செய்த உன் அண்ணன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. அதனால் பள்ளி விட்டதும் எங்கள் தையல் கடை மாடிக்கு ஓடி வருவோம். கடகடவென்று இடிக்கிற கிட்டார்களுக்கு மேலே ஏதோ ஒரு நாட்டுப் பெண் தன்னந்தனியாகப் பாடினாள். கோதிக் மெட்டல் என்று அதற்குப் பெயர் என்பதுகூட நமக்குப் பிறகுதான் தெரிந்தது.

“ஒப்பாரி மாதிரியே இருக்குடி,” என்றேன்.

“ஒப்பாரிதான்டி. கிட்டார் வச்ச ஒப்பாரி.”

உன் அத்தை சாவு வீடுகளில் பாடுகிறவர். அவர் ஒரு வரியை முடிக்கும்போது குரலை உடைத்து, சொல்லே இல்லாமல் இழுப்பார். அதை நீ அப்படியே கற்றிருந்தாய். கேசட்டில் அந்தப் பெண் நிறுத்துகிற இடத்தில் நீ உன் அத்தையின் இழுப்பைச் சேர்த்தாய். கீழே மிஷின் மிதித்துக்கொண்டிருந்த அப்பா காலை நிறுத்திவிட்டார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு நீ கண்டிக்கு வேலைக்குப் போனாய். அங்கே நான்கு சிங்களப் பையன்கள் தங்கள் இசைக்குழுவுக்குப் பாடகி தேடினார்கள். நுவரெலியாவில் வசந்த கால நிகழ்ச்சி ஒன்றில் நீங்கள் பாடியபோது நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டம், நீ அந்த இழுப்பை இழுத்ததும் அடங்கிவிட்டது. என் பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு ஒப்பாரி என்றால் என்னவென்று தெரிந்திருக்காது.

ஆகவே இசைத்தட்டு வந்தபோது நான் எவ்வளவு ஆசையோடு பிரித்தேன் என்று உனக்குத் தெரியும். நான் அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் இசைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு துண்டுக் கடிதம் வைத்திருந்தாய். “கேட்டுட்டு எழுது. மனசுல பட்டத எழுது.”

கேட்டேன். ஒன்பது பாட்டிலும் உன்னைக் காணோம். கீபோர்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. நீ அந்தக் கேசட்டுப் பெண்ணைப் போலவே, அவளைவிட மெலிவாக, ஒழுங்காகப் பாடிவிட்டு ஒதுங்கினாய். எனக்கு ஏமாற்றத்தைவிடக் கோபம்தான் வந்தது. என்னை யாரோ ஏய்த்துவிட்டதைப் போன்ற கோபம். ஒரே மூச்சில் எழுதினேன். “இந்தக் குரலில் உயிர் இல்லை. பாடுகிறவருக்கே தன் பாட்டில் நம்பிக்கை இல்லை.” எழுதி முடித்ததும், கூட்டாளி என்று பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை மறைக்க இப்போது விருப்பமில்லை.

பத்திரிகை வந்த வாரம் நீ எனக்குப் போன் எடுத்தாய்.

“வாசிச்சேன்.”

“கோவமாடி?”

“இல்ல. ஒனக்குக் கேட்டத எழுதிருக்க. சரி, பஸ் வருது. வைக்கிறேன்.”

நீ கோபப்படவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அதன்பின் நீ எழுதவில்லை. குழுவை விட்டு வந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். உடப்புசல்லாவ என்கிற ஊர்ப் பக்கம் கல்யாணமாகி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாய் என்றார்கள். போய்ப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்தேன். நான்கு தீபாவளி போனது. பிறகு, காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை என்று செய்தி வந்தது.

உன்னை வட்டவளைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அடக்கம் முடிந்ததும் உன் அண்ணன் என்னை வேலியோரம் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான்.

“அவ எல்லாப் பாட்டுலயும் அந்த இழுப்பப் பாடித்தாம்மா குடுத்தா. ரெக்கார்டிங் செய்றவன், ‘இது சாவு வீடு இல்ல தங்கச்சி’ன்னு சொல்லி அம்புட்டையும் வெட்டிட்டான். பயலுகளும் அவன் பக்கமே நின்னுட்டானுங்க. ரெண்டு நாளு சண்ட போட்டுப் பாத்தா.”

“எங்கிட்ட ஒன்னுமே சொல்லலையேண்ணே.”

“சொல்லத் தேவையில்லன்னுட்டா. ‘அவளுக்குக் கேட்டாலே தெரிஞ்சிரும். எத வெட்டுனாங்கன்னு அவ எழுதுவா. அப்பறம் இவனுங்க திருப்பிச் சேத்துத்தான் ஆகணும்’னு சொல்லித்தான் ஒங்களுக்கு அனுப்புனா.”

நான் எழுதியதை அந்தப் பையன்கள் யாரையோ கொண்டு சிங்களத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம். உன் ஆட்களே இப்படி எழுதுகிறார்கள் என்று சொல்லித்தான் வேறு பாடகி தேடினார்களாம். அதையும் உன் அண்ணன்தான் சொன்னார். சொல்லிவிட்டு, “நீங்க வேணும்னு எழுதல. அவளும் அப்படி நெனைக்கல,” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்து ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். அந்த இசைத்தட்டை யாருக்கு இப்போது ஞாபகம் இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதும் உண்மைதான். என் பத்தியை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உன் அடக்கம் முடிந்த அந்த வாரம் உன் தட்டை ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன். முதல் தடவை அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை. நான்காவது பாட்டின் முடிவில், கடைசிச் சொல்லுக்குப் பிறகு, நீ மூச்சு இழுக்கிறாய். நெஞ்சு நிறைய, நீளமாக. உன் அத்தை இழுப்புக்கு முன்னால் எடுக்கிற மூச்சு அது. உடனே கீபோர்டு வந்து மூடிவிடுகிறது. வெட்டியவன் அதை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறான்.

இரண்டு நொடிகூட இருக்காது. பஸ்ஸில் போகும்போது, சோறு வடிக்கும்போது, மகளுக்குத் தலை வாரும்போது, நினைக்காத நேரத்தில் அந்த மூச்சு எனக்குக் கேட்கிறது. கேட்டதும் கை நின்றுவிடுகிறது. அடுத்து நீ பாடுவாய் என்று நிற்கிறேன்.