தடித்த குழல்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? அலாஸ்காக் குளிரிலும் நான் நலமே.

என் வேட்டைத் துப்பாக்கிக்குத் தடித்த குழல் மாற்றினேன். துப்பாக்கியோடு வந்த கம்பெனி மரக்கட்டையில் குழல் படுக்கும் பள்ளத்தில் அது இறங்கவில்லை. நான் வேலை பார்க்கும் துப்பாக்கிப் பட்டறையின் முதலாளி வெர்ன் சிரித்தார். "புதுக் கட்டை வாங்கும்மா. இதைத் தொட்டா பாழாக்கிடுவே."

"பாழானா என் கட்டைதானே, உங்களுக்கென்ன?" என்றேன்.

உளியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பள்ளத்தை அகலமாக்கினேன். உளி வழுக்கி உள்ளங்கை கிழிந்தது; தையல் போட்டார்கள், அவ்வளவுதான். குழல் கட்டையில் உரசினால் குறி தவறும்; இரண்டுக்கும் நடுவே ஒரு காகிதம் தட்டாமல் ஓடியதும் சுட்டுப் பார்த்தேன். குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன. வெர்ன் இலக்கு அட்டையை உற்றுப் பார்த்தார். "என்னோடதையும் செஞ்சு குடு" என்றார்.

பழைய ரேடியோவை அனுப்புங்கள். ஞாயிறன்று பட்டறை பூட்டியிருக்கும், பொழுது போகாது.

திரும்பி வா என்று இனி எழுதாதீர்கள். நீங்கள் வாருங்கள். தபால் விமானம் கிளம்புகிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
ரொவீனா