போர்வைக்கு வெளியே

இன்று மைதானத்திலிருந்து வந்ததும் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தச் சேலம் போர்வையை எடுத்தேன். பச்சைக் கட்டங்கள் வெளுத்துவிட்டன. ஓரத்தில் இன்னும் மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பின் வாசனை. எத்தனையோ முறை துவைத்தாயிற்று. வாசனை போய்விட்டிருக்கலாம், எனக்குத்தான் அடிக்கிறதோ என்னவோ.

நாம் வாலிபால் ஆடிய நாட்களில் அந்த அரசு மைதானத்தில் பெண்கள் உடை மாற்ற ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கூரையெல்லாம் ஓட்டை. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், “எடத்தைக் காலி பண்ணிக் காட்டுங்கம்மா, புது ரூமுக்கு நிதி வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே நீ கூரைமேல் ஏறிவிட்டாய். நான் கீழே நின்றிருந்தேன்.

“ஏம்புள்ள, காலேஜ் போறவளே, நம்பாத மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஏன் நிக்கற? புடி தகரத்தை!”

“பணம் வரலைன்னா?”

“வராம எங்க போயிரும்? உங்க ஊட்டுப் பணமா, எங்க ஊட்டுப் பணமா? கவருமெண்டுப் பணம்!”

பிடித்தேன். ஒரே சாயங்காலத்தில் நம் கையாலேயே பிரித்துப் போட்டோம். நிதியும் வந்தது. வாசலில் வளைவு எழும்பியது. பார்வையாளர் கேலரிக்கு வண்ணம் அடித்தார்கள். நம் அறை அடுத்த நிதியாண்டுக்குப் போனது. பிறகு அதற்கடுத்ததற்கு.

அப்போதுதான் உன் வீட்டிலிருந்து இந்தப் போர்வை வந்தது. நான்கு பேர் அதை வளைத்து மறைப்பாக்கி, மேல் ஓரத்தை முதுகுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நிற்போம். நடுவில் ஒருத்தி உடை மாற்றுவாள். அவள் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை யாரும் திரும்பக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். சுவரில் ஏறி உட்கார்ந்த பையன்களைப் பார்த்து, “சாமிகளா, எறங்கறீங்களா, பந்து வரட்டுங்களா?” என்று நீ கேட்டதில் போர்வையே குலுங்கியது. உள்ளே இருந்தவளும் சிரித்துவிட்டாள்.

சிரித்தோம்தான். ஆனாலும் மல்லசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். மறைவில்லாத இடத்துக்கு எந்த வீட்டில் அனுப்புவார்கள்?

உடற்கல்வி ஆசிரியை ஆன பிறகும் நீ அந்த அறைக்காக அலைந்தாய். கடைசியில் ஊராரிடம் கேட்டு, சிமெண்ட் ஷீட் போட்டு ஒன்றை நீயே எழுப்பினாய். என்னையும் மைதானக் குழுவில் கோத்துவிட்டாய். பெண்கள் மறுபடி வந்தார்கள். போர்வையை என்னிடம் கொடுத்து, “இனி இதுக்கு வேலையில்ல, வெச்சுக்க” என்றாய்.

போன ஆவணியில், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி நர்ஸ் திரையை இழுத்தாள். பழைய பழக்கத்தில் நான் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து என் தோளைத் தொட்டாள்.

இன்று காலை புது அதிகாரி வந்தார். பழைய விளையாட்டு மைதானங்களைச் சீரமைக்க நிதி ஒதுக்கியிருக்கிறார்களாம். உன் அறையின் விரிசலைப் பேனாவால் தட்டிப் பார்த்தார்.

“இதை இடிச்சு எடத்தைக் காலியாக் காட்டிருங்க மேடம். நிதி வந்துரும்.”

எனக்குப் பின்னால் கதவுக்குள்ளே பெண்கள் பேசிச் சிரித்தபடி உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“பக்கத்துல காலி இடம் இருக்குதுங்க சார். புதுசை அங்க கட்டுங்க. அதுவரைக்கும் இது நிக்கட்டும்.”

“அப்புறம் நம்ம ஊரு லிஸ்ட்டுலயே இருக்காதுங்க.”

“இல்லாட்டிப் போகட்டுங்க.”

சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. பணம் வராமலே போகலாம். இந்த ஷீட் எத்தனை மழைக்குத் தாங்குமோ. நீ இருந்திருந்தால் மறுபடியும் நம்பி, கடப்பாரையைத் தேடியிருப்பாயோ என்னவோ.

ஜீப் போன பிறகும் கதவுக்கு முதுகைக் காட்டியபடியே நின்றேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டி மைதானத்துக்கு ஓடினார்கள். உள்ளே இனி யாரும் இல்லை என்று தெரியும். இருந்தும் திரும்ப முடியவில்லை.

நீ இன்னும் ‘ஆச்சு’ சொல்லவில்லை.