போனி மாமா காப்பாற்றிய கோதுமை

யாக்கி பள்ளத்தாக்கு,
மார்ச் மாதம்.

அன்பு மகள் ஒதிலியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் மாமாவும் நானும் சுகம், சுகமில்லாதது என் தூக்கம் மட்டும்தான். சிக்காகோவில் குளிர் விட்டதா, காதை மூடிக்கொண்டு போகிறாயா, போன கடிதத்துக்கு ஏன் பதிலில்லை? எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லையம்மா, இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் வயலைப் பார்க்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன்.

உனக்குத்தான் தெரியுமே, கோதுமைக்குத் துரு நோய் வரக்கூடாதென்று ஊரே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும், உன் அப்பன் ஒருவன்தான் அது வரட்டும் வரட்டும் என்று காத்துக்கிடப்பான். நோஞ்சான் ரகத்தை வயலோரத்தில் நட்டு நானே அதில் துருவை ஏற்றுவேன், அங்கிருந்து அது உள்ளே பரவ வேண்டும், அப்போதும் எது சாயாமல் நிற்கிறதோ அதுதான் பள்ளத்தாக்குக்கு விதை. குட்டையாய் நின்று மணியை அள்ளித் தருகிற என் ரகத்துக்கு உன் பெயர் வைப்பதாகச் சொன்னேனே, அதற்கு இந்த வருடம்தான் கடைசிச் சோதனை. ஓரமெல்லாம் சிவந்த நேரம் பார்த்துத் தோலூக்கா நகரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டி வந்தது. தண்ணீர் பாய்ச்சுவதை மட்டும் பார்த்துக்கொள் என்று உன் போனி மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் ஓரம் கருகிக் கிடக்கிறது, உள்ளே உன் பெயர்க் கோதுமை ஒரு புள்ளியில்லாமல் பச்சைப்பசேலென்று நிற்கிறது! வரப்பிலேயே அழுதுவிட்டேன். விதையை வெளியிடும் குழுவையும் வரச் சொல்லியாயிற்று, விழாவுக்கு வா என்று உனக்கும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன். உன் மாமா சுட்ட இறைச்சியைத் தோர்த்தியா ரொட்டியில் சுருட்டிக்கொண்டே, “நன்றிய எனக்கில்ல சொல்லணும் மச்சான்? நீங்க போன மறுநாளே பாத்தேன், ஓரமெல்லாம் சீக்கு. அது போனாப் போகுது, உள்ள இருக்கறதயாவது காப்பாத்துவோம்னு என் மருந்த எடுத்தாந்து பூரா அடிச்சுத் தள்ளிட்டேன்ல” என்றான். அப்படியானால் துருவைத் தடுத்தது என் விதையா, அவன் மருந்தா? உன் அம்மா, “வாய மூடிக்கிட்டு இருங்க, நல்லாத்தான நிக்குது, யாருக்குத் தெரியப்போவுது” என்றாள். எனக்குத் தெரியுமே! அந்த விதையில் முதல் மூட்டை எனக்கு, இனிமேல் மருந்தே வாங்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனே அந்தப் போனிதான். அது தாங்காத விதையாக இருந்தால் முதலில் சாம்பலாவது அவன் வயல்.

திங்கட்கிழமை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி, குழு வரவேண்டாம் என்றேன். நிலையத் தலைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து முகமே காட்டாத உன் மாமா நேற்று மத்தியானம் வருகிறான், சாக்கு நிறையச் சாலையோரக் கோதுமைத் தாள், கையிலும் மீசையிலும் சிவப்புத் தூள். “சீக்கத் திரும்பக் கொண்டாந்துட்டேன் மச்சான், எங்க கொட்டணும் சொல்லுங்க” என்கிறான். திட்ட வாயெடுத்தவன் சிரித்துவிட்டேன். கதிர் முற்றிவிட்டதே, இனித் துரு ஏறி என்ன பயன்? வருகிற குளிர்காலத்தில் மறுபடி நட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது விழுந்துவிட்டால்?

அதனால் விழா கிடையாது மகளே. விதை வெளிவரட்டும் வருகிறேன், வெளிவரட்டும் வருகிறேன் என்று நீயும் வருடங்களைத் தள்ளிவிட்டாய், நானும் சரி சரி என்றேன். அது தாங்குமோ தாங்காதோ எனக்குத் தெரியாது. அதற்காகக் காத்திருக்காதே, அறுவடைக்குச் சும்மாவே வா. வந்தால் மாமாவிடம் மருந்துப் பேச்சை மட்டும் எடுத்துவிடாதே, அழுதுவிடுவான். குவாதலூப்பே மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். வயலில் உன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

உன் அப்பா,
குமெர்சிந்தோ